மானேஜர் முகம்

சிலருக்கு முகம் பார்க்க ஒரு கண்ணாடி போதும். ஈரோட்டுப் பார்சல் ஆபீஸ் மானேஜர் மார்க்கபந்துவுக்கு ஒரு ஆபீஸே வேண்டியிருந்தது. மாலை போட்டு எடுத்த தன் போட்டோவைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செல்லக்கிளியிடம் நீட்டினார்.

“எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இதை வால்பேப்பரா வை. நான் எப்ப எட்டிப் பார்த்தாலும் என் முகம் முழுசாத் தெரியணும். மறைச்சவங்க சீட்டைக் கிழிச்சிருவேன்!”

“பில் போடற பக்கத்தைத் திறந்தா முகம் மறைஞ்சிருமுங்களே சார்?”

“எதிர்த்துப் பேசாதே!”

செல்லக்கிளி படத்தை வைத்தாள், திறந்திருந்ததை எல்லாம் மூடினாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகம். மானேஜருக்கு உச்சி குளிர்ந்துபோனது. மத்தியானத்துக்குள் வாசலில் லாரிகள் வரிசை கட்டின. பில் இல்லாமல் ஒரு மூட்டைகூட நகரவில்லை. முதலாளியம்மா பதறியடித்து ஓடி வந்தார்.

“ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?”

“வேலை பார்த்தா சார் முகம் மறையுதுங்கம்மா. சாருக்கு முகம்தான் முக்கியமாம்,” என்றாள் செல்லக்கிளி.

முதலாளியம்மா பார்த்த பார்வையில் மானேஜர் செல்லக்கிளி பக்கம் திரும்பினார். “வேலைக்கு இடைஞ்சல் இல்லாம எங்கயாச்சும் வச்சிரும்மா,” என்று குழைந்தார்.

செல்லக்கிளி அதை ஸ்கிரீன்சேவராக வைத்தாள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போகும்போது மட்டும் முகம் வரும். முகமும் டீயும் எல்லோர் மனதிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இப்போதெல்லாம் மானேஜர் உள்ளே நுழைந்தால் ஆபீஸே எழுந்து நிற்கிறது. அவர் மரியாதை என்று நினைத்துக் கையமர்த்துவதற்குள், பாதிப்பேர் டீக்கடையில் இருக்கிறார்கள்.