தவறி விழும் பந்து யாருக்கு?

வேங்கை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. மோப்பம் பிடிப்பது, நீந்துவது, மழை வருவதை முன்னாலேயே அறிந்துகொள்வது என்று அங்கே பல பாடங்கள் உண்டு. ஆனால் குழந்தைகளே, மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது பாடம் அல்ல, கூடைப்பந்து.

ஆடுகளத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டு பெரிய வேங்கை மரங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் உயரத்தில் அடியில்லாத ஒரு பிரம்புக் கூடை கட்டியிருந்தது. ரப்பர் மரத்துப் பாலை உருட்டிக் காயவைத்துச் செய்ததுதான் பந்து. கூடைக்குள் விழுந்தால் புள்ளி. மரத்தில் பட்டுத் திரும்பினால், எடுத்தவருக்குப் பந்து.

கல்லூரி அணியில் ஐந்து பேர். மான் தன் கொம்பால் பந்தை ஏந்தி எறிவதில் கெட்டிக்காரன். அதனால் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மந்திக்கு எப்போதும் அவசரம். மயிலுக்கு எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும். கீரி சின்ன உருவம், ஆனால் எதையும் கூர்ந்து கவனிக்கும். ஐந்தாவது கரடி. அந்தக் காட்டிலேயே பெரிய உடம்பும், அந்த உடம்பைவிடப் பெரிய மனசும் அதற்கு.

அந்த வருஷத்து முதல் ஆட்டத்தில் ஒரு விபத்து நடந்தது. கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை எட்டிப் பிடிக்கக் கரடி எம்பியது. பந்து கிடைத்தது. ஆனால் கீழே இறங்கும்போது கீரியின் பின்னங்கால் கரடியின் பாதத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. கீரி வலியில் துடித்தது. எலும்பு முறிந்துவிட்டது.

கீரி தன் வளையில் படுத்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு முயல் ஆடியது.

அன்றிலிருந்து கரடி எம்பவே இல்லை. பந்து மேலிருந்து வருவதைப் பார்த்தாலே இரண்டு அடி பின்னால் போய்விடும். யார்மேலும் பட்டுவிடக் கூடாது என்று கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளும்.

மற்றவர்களும் பந்தை எடுக்கப் போகவில்லை. மான் எறிந்ததும் மந்தி மறுபக்கம் ஓட ஆரம்பித்துவிடும். மயில் பந்து விழுவதற்கு முன்பே தோகையை விரித்துவிடும். எறிந்த பந்து தவறிவிட்டால், மான் அந்தப் பக்கமே பார்க்காது. வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

தவறிய பந்தெல்லாம் எதிரணிக்குப் போனது. ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்விதான்.

ஒருநாள் முதல்வர் யானை அணியைக் கூப்பிட்டது.

"பிள்ளைகளே, மழைக்கு முன்னால் இன்னும் ஓர் ஆட்டம்தான் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பன்றிகளோடு. அதிலும் தோற்றால் அடுத்த வருஷம் அணி கிடையாது. இப்படி வருந்திக்கொண்டே ஆடுவதற்கு ஆடாமலே இருக்கலாம்."

மான் முன்னால் வந்தது.

"ஐயா, எல்லாவற்றுக்கும் காரணம் கரடிதான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு பந்தைக்கூட எடுப்பதில்லை. அதை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள்!"

"நீ எறிந்து தவறிய பந்தை நீயே போய் எடுக்கலாமே?" என்று கேட்டது யானை.

"எறிவது என் வேலை. கீழே விழுந்ததைப் பொறுக்குவதுமா என் வேலை?" என்றது மான்.

யானை கரடியைப் பார்த்தது. "நீ என்ன சொல்கிறாய்?"

"மான் சொல்வது சரிதான் ஐயா. நான் விலகிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தது.

அந்த நேரத்தில்தான் கீரி மெல்ல நொண்டிக்கொண்டு ஆடுகளத்துக்கு வந்தது. கால் எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதைக் கண்டதும் முயல் சந்தோஷமாகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. பன்றிகள் என்றாலே முயலுக்கு நடுக்கம்.

நடந்ததைக் கேட்ட கீரி நேரே ஓடைக்குப் போனது. கரடி தண்ணீரில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீரியைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தது.

"உட்கார்!" என்றது கீரி.

கரடி உட்கார்ந்தது.

"தினமும் என் வளை வாசலில் தேனடை வைத்தது நீதானே?"

"நான்தான்."

"வைத்துவிட்டு ஏன் ஓடிப்போனாய்?"

"உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை."

"எனக்குத் தேனே பிடிக்காது. தெரியுமா?" என்றது கீரி. "உன் மனசு நோகக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் தின்று தீர்த்தேன். நாக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதுவே எனக்குப் போதும்."

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் காலை ஒடித்தவன் நான். என்ன பேசுவது?"

"ஒடித்தது உண்மைதான். வலித்ததும் உண்மைதான். நீ வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும் உண்மைதான். இந்த மூன்றையும் வளையில் படுத்துக்கொண்டு நிறைய யோசித்துவிட்டேன். இனி யோசிக்க ஒன்றும் இல்லை. ஆட வா."

"என்னால் எம்ப முடியாது, கீரி. பந்து மேலே போனாலே உன் குரல்தான் காதில் கேட்கிறது."

கீரி நொண்டியபடி வந்து கரடியின் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு, "சரி, எம்ப வேண்டாம். நிற்க முடியுமா?" என்று கேட்டது.

"நிற்பதா?"

"ஆமாம். என் வளை ஆடுகளத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? எல்லா ஆட்டத்தையும் படுத்தபடியே பார்த்தேன். ஜெயிப்பவர்கள் நம்மைவிட உயரமாக எம்பவில்லை. பந்து மேலே இருக்கும்போதே கூடைக்கு அடியில் இடம் பிடித்துவிடுகிறார்கள். நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நடுவருடைய விதி என்ன? தள்ளினால் தவறு, நின்றால் தவறில்லை. நீ பன்றிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்களை அகட்டி நில். உன்னைத் தாண்டி யாரும் வர முடியாது. விழும் பந்தை நான் எடுத்துக்கொள்கிறேன்."

"நீ எங்கே நிற்பாய்?"

"உன் வயிற்றுக்கு அடியில்."

கரடி பதறிப்போனது. "வேண்டாம், வேண்டாம்! மறுபடியும் உன்மேல்..."

"எனக்குப் பயமில்லை. உனக்குத்தான் பயம். நான் அங்கே நின்றால்தான் உன் பயம் போகும்" என்றது கீரி.

மறுநாள் காலையிலிருந்து இருவரும் ஆடிப் பழக ஆரம்பித்தார்கள். கரடி கால்களை அகட்டி நின்றது. அதன் கால்களுக்கு நடுவே கீரி நின்றது. மந்தி ஓடிவந்து கரடியின் முதுகில் மோதியது. கரடி அசையவில்லை. மந்தி மட்டும் பின்னால் போய் விழுந்தது.

"அடேயப்பா, மலையில் மோதியது போல இருக்கிறதே!" என்று மந்தி சிரித்தது.

மான் தூரத்தில் நின்று பார்த்தது. "சும்மா நிற்பதும் ஓர் ஆட்டமா?" என்று முணுமுணுத்தது.

ஆட்ட நாள் வந்தது. காடே திரண்டு வந்திருந்தது. இருவாச்சிப் பறவை நடுவராகக் கிளையில் அமர்ந்தது. "வேங்கை மரத்தின் நிழல் எல்லைக் கோட்டைத் தொட்டதும் ஆட்டம் முடியும்!" என்று உரக்க அறிவித்தது.

மான் முதல் பந்தை எறிந்தது. பந்து மரத்தில் மோதித் திரும்பியது. மான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பன்றிகள் கூட்டமாகப் பாய்ந்து வந்தன. ஆனால் வழியில் கரடி நின்றது. ஒரு பன்றி முட்டியது, இன்னொன்று முட்டியது. இரண்டும் உருண்டு விழுந்தன. பந்து கரடிக்கு முன்னால் தனியாக வந்து விழுந்தது. கீரி வயிற்றுக்கு அடியிலிருந்து பாய்ந்து அதைப் பிடித்து மானின் பக்கம் தட்டிவிட்டது.

காலருகே பந்து வந்து நின்றதும் மானுக்கு ஆச்சரியம். அது மறுபடி எறிந்தது. இந்தமுறை கூடைக்குள் விழுந்தது.

அதன்பிறகும் மானின் பந்து சிலமுறை தவறியது. ஒவ்வொருமுறையும் கரடி நின்றது, கீரி எடுத்தது. தவறியபின் மான் முகத்தைத் திருப்பவில்லை. மந்தி அவசரமாக மறுபக்கம் ஓடவில்லை. மயில்கூடத் தோகையை மடக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பந்தைத் தடுத்தது.

பன்றிகளும் சாமானியமானவை அல்ல. கடைசிவரை புள்ளிகளில் சமமாகவே இருந்தன. நிழல் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. இன்னும் ஒரு கூடை விழுந்தால் வெற்றி.

மான் எறிந்தது. பந்து கூடையின் விளிம்பில் பட்டு உயரே எழும்பியது. அது விழப்போகும் இடத்துக்குப் பன்றிகள் இருபக்கமும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டன. இனி நின்றால் மட்டும் போதாது. எம்பினால்தான் பந்து கிடைக்கும்.

கரடி கீழே பார்த்தது. கால்களுக்கு நடுவே கீரி.

"நகர்ந்து போ!" என்று கத்தியது கரடி.

"போக மாட்டேன். எம்பு!"

"உன்மேல் விழுந்துவிடுவேன்!"

"இத்தனை நாளாக உன் கால்களுக்கு நடுவில் நின்று பழகியிருக்கிறேன். நீ எங்கே இறங்குவாய் என்று எனக்குத் தெரியும். எம்பு, கரடி!"

கரடி எம்பியது.

பன்றிகளின் தலைக்கு மேலே இரண்டு கரிய கைகள் நீண்டு பந்தைப் பற்றின. கரடி கால்களை அகலமாக விரித்துத் தொம்மென்று இறங்கியது. புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து கீரியின் மூக்கு எட்டிப் பார்த்தது.

"நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பந்தைக் கொடு!" என்றது கீரி.

கரடி பந்தை மானிடம் கொடுத்தது. மான் கூடையைப் பார்த்தது, நிழலைப் பார்த்தது.

"இதுவும் தவறிவிட்டால்?" என்று மான் மெதுவாகக் கேட்டது.

"தவறினால் மறுபடியும் எடுத்துத் தருகிறேன்" என்றது கரடி.

மான் எறிந்தது. குழந்தைகளே, அதுவும் தவறியது!

கரடி உடனே கூடைக்கு அடியில் ஓடியது. மறுபடியும் எம்பியது. மறுபடியும் பந்தைப் பிடித்தது. மறுபடியும் மானிடம் கொண்டுவந்து கொடுத்தது.

மான் கரடியின் முகத்தைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. மான் கூடையின் பக்கம் திரும்பியது. நிழல் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால், அது நிதானமாகப் பந்தை எறிந்தது.

பந்து பிரம்பைத் தொடாமல் கூடைக்குள் இறங்கியது.

இருவாச்சி இறக்கைகளை அடித்துக்கொண்டு ஆட்டம் முடிந்தது என்று கூவியது. மந்தி மயிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. "அடுத்த வருஷமும் அணி உண்டு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

எல்லோரும் மானைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். மான் அவர்களை விலக்கிக்கொண்டு கரடியிடம் வந்தது.

"உன்னை அணியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்தக் கோபத்தில் நீ ஒரு பந்தையாவது விட்டிருக்கலாமே?"

"விட்டிருந்தால் உனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!" என்றது கரடி.

மான் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தது. தன் தலையைத் தாழ்த்தி, கொம்பு குத்திவிடாமல், கரடியின் தோளில் மெல்லச் சாய்த்துக்கொண்டது.

நீதி: நாம் தவறும்போது குறை சொல்லாமல் இன்னொரு வாய்ப்பை எடுத்துத் தருகிறவரே நல்ல துணை.