எட்டாத கிண்ணம்

ஒரு ஊரில் ஒரு கோர்ட் இருந்தது. வழக்குச் சாமான்களைப் பூட்டி வைக்கும் அறையில் ஒரு நாய்ச்சங்கிலியும் ஓர் அலுமினியக் கிண்ணமும் கிடந்தன. இரண்டும் சாட்சிகள். சாட்சிகள் தங்களுக்குள் பேசக்கூடாதுதான். ஆனால் துக்கத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

"என்னிடம் தண்ணீர் நிறைய இருந்ததே!" என்று கிண்ணம் அழும்.

"நான்தான் எட்டவிடவில்லை" என்று சங்கிலி சொல்லும்.

லட்டு என்ற நாயைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. புதுச் செருப்பைக் கடித்துவிட்டது என்ற கோபத்தில் அதன் சொந்தக்காரர் தணிகாசலம், மொட்டை மாடிக் குழாயில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சங்கிலி குட்டையானது. கிண்ணத்தை நகர்த்தி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. கத்திரி வெயில் வேறு. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் போலீஸைக் கூட்டி வந்தபோது லட்டு செத்துக் கிடந்தது. முகம் மட்டும் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தது.

"தண்டனை வரட்டும். அவரை உலுக்கி எடுத்துவிடும். அப்புறம் நான் எந்தக் கழுத்திலும் ஏற வேண்டியிருக்காது" என்று சங்கிலி நம்பிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு நாளில் கதவு திறந்தது. அபராதம் உள்ளே வந்தது. வெறும் ஐம்பது ரூபாய்; முழங்கால் உயரம்கூட இல்லை.

"நீ மட்டும்தானா? பின்னால் பெரியவர் யாராவது வருகிறாரா?" என்று கேட்டது சங்கிலி.

"சிறை அண்ணன் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை."

"நீ ஏன் இப்படி இருக்கிறாய்?"

"நான் பிறந்த காலத்தில் இது பெரிய உயரம். அப்புறம் என்னை யாரும் சோறு போட்டு வளர்க்கவில்லை" என்றது அபராதம். அதற்கும் அழுகை வந்துவிட்டது. "என்னைப் பார்த்ததும் தணிகாசலம் சிரித்துவிட்டார்."

குமாஸ்தா வந்து சங்கிலியையும் கிண்ணத்தையும் எடுத்துத் தணிகாசலத்திடம் நீட்டினார். "கேஸ் முடிஞ்சிருச்சு சார். உங்க பொருளை எடுத்துக்குங்க."

"அட, சங்கிலி நல்லாத்தான் இருக்கு! நேத்துதான் ஒரு குட்டி வாங்கினேன். லட்டுவை நெனச்சுப் பசங்க ஒரே அழுகை சார்."

"இந்தத் தடவையாவது தண்ணி வைங்க."

"அன்னிக்கும் வச்சிருந்தேனே!" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது.

அதே மாடி, அதே குழாய். பழகிய கை, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றியது. கிண்ணம் பழைய இடத்திலேயே அமர்ந்தது. சங்கிலி தன் கண்ணிகளையெல்லாம் இழுத்து நீட்டிப் பார்த்தது. முடியவில்லை.

குட்டி சங்கிலியை முகர்ந்தது. இன்னொரு நாயின் வாசனை அதில் இருந்தது. துணைக்கு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து வாலை ஆட்டியது.