பதினாறாவது வளைவில் நின்ற முட்டை வண்டி

"உலகத்துல ஒருத்தரும் யோக்கியமில்ல அம்மணி," என்றான் பொன்னுரங்கம்.

சிந்தாமணி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், மலையேறும் வண்டிகளுக்குக் கடைசிப் பட்டறை அவளுடையது. வயசு முப்பத்தஞ்சுதான். ஆனாலும் அறுபது வயசு டிரைவர்கூட பீடியை அணைத்துவிட்டுத்தான் அவளிடம் பேச வருவான்.

"யாருங்ணா ஏமாத்துனது?" என்று லாரிக்கடியிலிருந்து கேட்டாள்.

"முட்டைக்காரங்கதான். மூணு மாசமா அழுகின முட்டையா என் தலையில கட்டுறாங்க. வண்டி பூரா நாத்தம். மலைக் கடைக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டுத் தட்டு எடுக்கறாங்க. மாராயின்னு ஒருத்தி, ஒம்பது வருசமா அவகிட்டதான் வாங்குனேன். முட்டைத் தட்டையெல்லாம் அவ பண்ணை வாசல்லயே எறக்கிப்போட்டு, நாலு பேரு முன்னாடி கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு பண்ணை மாத்துனேன். அங்கயும் இதே நாத்தம். மூணு பேருமே திருட்டுப் பசங்க."

"ஒடைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதானே தந்திரம்!"

லாரிக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் சிந்தாமணியும் வந்தாள்.

"இதச் சொல்லவா பட்டறைக்கு வந்தீங்க?"

"இல்லம்மா. வண்டி மலையேற மாட்டேங்குது. எழுபது வளைவுல பதினாறாவதுலயே நின்னுருச்சு. மிதிச்சா உறுமுது, நகரல. பின்னாடி உருள ஆரம்பிச்சுது பாரு... மேல போன பஸ்ஸுல இருந்து எறங்கி வந்து, நாலு பேரு டயருக்குக் கல்லு வெச்சாங்க. இல்லைன்னா இந்நேரம் எம் பொஞ்சாதி தலைவிரிகோலமா நிப்பா."

 சிந்தாமணி வண்டியின் பச்சைத் தார்ப்பாயைப் பார்த்தாள்.

"முட்டையெல்லாம் எறக்குங்க."

"எதுக்கு?"

"எறக்குங்க சொல்றேன்."

நாற்பது தட்டு. ஒவ்வொன்றாக இறக்கிப் புங்கமர நிழலில் அடுக்கினான். வேர்த்துக் கொட்டியது.

"இப்ப வெறும் வண்டிய எடுத்துக்கிட்டு செக்போஸ்ட் வரைக்கும் போய்ட்டு வாங்க."

போனான். வந்தான்.

வந்து பார்த்தால், ஸ்டவ்வில் அவனுடைய முட்டை ஒன்றை அவித்து, உரித்து, உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"நாத்தம் அடிச்சுதா?" என்றாள்.

பொன்னுரங்கம் வண்டியைப் பார்த்தான். நிழலில் இருந்த முட்டைத் தட்டுகளைப் பார்த்தான்.

"அடிச்சுது," என்றான்.

அவள் மிச்ச முட்டையையும் வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மரச்சுத்தியல் ஒன்றை எடுத்து, வண்டிக்கடியில் கையை விட்டு, இரண்டு தட்டுத் தட்டினாள்.

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினமாதிரி கலகலவென்றது.

"இந்தச் சத்தம் இதுக்கு முன்னாடி கேட்டதில்லையா?"

"கேட்டேன். பாட்டு சவுண்டைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்."

"நிறுத்துற எடத்துல கீழ புல்லு கருகுச்சா?"

"அது தெரியலம்மா. எங்க நாயி எப்பவும் வண்டிக்கடியிலதான் படுக்கும். இப்பல்லாம் எட்டத்துல போய்ப் படுக்குது. அதுக்கும் எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்."

"ஸ்டீரிங் முன்னாடி மஞ்சளா ஒரு வெளக்கு எரியணுமே?"

அவன் தலையைச் சொறிந்தான். "எரிஞ்சுது. கண்ணக் கூசுச்சு. அது மேல முருகன் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

சிந்தாமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். நகத்தால் மெல்ல உரித்துக் கண்ணாடிப் பக்கம் ஒட்டிவைத்தாள். சாவியைத் திருப்பி வண்டியை ஓடவிட்டாள்.

விளக்கு எரிந்தது. மூன்று மாசமாக எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, பாவம்.

"இது என்னம்மா?"

"கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்குங்ணா. இஞ்சின் கக்குற நஞ்சுப் புகைய வாங்கி, சுத்தம் பண்ணி வெளிய விடும். உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும். அது ஒடைஞ்சு அடைச்சுக்கிச்சு. அடைச்சா அழுகின முட்டை வாசந்தான் வரும். புகை வெளிய போக முடியாம வண்டிக்கு மூச்சு முட்டும். அப்புறம் எங்க மலையேறும்?"

"அது ஏன் கெட்டுச்சு?"

"அது மேல தப்பில்ல. உங்க பிளக் ஒண்ணு சரியாப் பத்தல. பத்தாத பெட்ரோல் பூரா இதுக்குள்ள போய் எரிஞ்சிருக்கு. அந்தச் சூட்டுலதான் உங்க நாயும் எட்டப் போயிருக்கு. முடிஞ்சவரைக்கும் தாங்கிச்சு."

பொன்னுரங்கத்துக்கு மாராயி ஞாபகம் வந்தது.

பண்ணை வாசலில் அவன் தட்டுகளை இறக்கிப்போட்ட அன்றைக்கு, மாராயி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். 'ஒவ்வொரு முட்டையும் நானே பாத்ததுங்க.' அவ்வளவுதான். அதற்கும் அவன் சிரித்துவிட்டு வந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து வண்டி தயாரானது. புது கன்வெர்ட்டர், புது பிளக். சோதனைக்கு மலையேறினான். பதினாறாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அங்கே கல் வைத்த முகம் தெரியாத நாலு பேரையும் நினைத்து ஒரு கும்பிடு போட்டான்.

இறங்கி வந்து சிந்தாமணி முன்னால் கைகூப்பி நின்றான்.

"என் உசிரக் காப்பாத்திட்ட, தாயி."

"நான் என்ன பண்ணுனேன்? உங்க வண்டி வரணும்னு ஒரு மாசமாக் காத்திருந்தேன். அவ்வளவுதான்."

"என் வண்டியவா? உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் ஒரு அம்மா பஸ் புடிச்சு வந்தாங்க. கையில ஒரு தட்டு முட்டை. 'பச்சைத் தார்ப்பாய் போட்ட முட்டை வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் போகும். எங்கிட்ட வாங்குறப்ப, தெனமும் தட்டு ஏத்தும்போது அடியில கலகலன்னு சத்தம் கேக்கும். என்னன்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. எப்பவாச்சும் இங்க நின்னா, கொஞ்சம் அடியில பாத்து விடுங்க'ன்னு சொன்னாங்க."

பொன்னுரங்கத்தின் கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது.

"அவளுக்கு எம்மேல கோவமில்லையா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கோவம் நெறைய இருக்கு. அது வேற. அந்த மனுசன் எழுபது வளைவு ஏறணுமில்ல'ன்னாங்க."

அவன் வண்டியில் ஏறினான். மலைப்பக்கம் போகவில்லை.

மாராயியின் முட்டை அறை இருட்டாக இருந்தது. ஒரே ஒரு பல்பு. அதன் முன்னால் அவள் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, உள்ளே கெட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஓடவிட்டபடியே இறங்கிவந்து வாசலில் நின்றான். அன்றைக்குத் தட்டுகளை இறக்கிப்போட்ட அதே வாசல்.

மாராயி திரும்பவில்லை. கையிலிருந்த முட்டையோடு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"இப்ப சத்தம் சரியாயிருச்சுங்க," என்றாள்.