கோலிக்குண்டு உருளாத மாடி

ரைஸ்மில் முதலாளி குருபாதம் வாயைத் திறந்தால் அது உத்தரவுதான். மொட்டைமாடியில் தட்டு ஓடு பதிக்க வந்தவர்களிடம் சொன்னார்: "தளம் கண்ணாடியாட்டம் மட்டமா இருக்கணும். கோலிக்குண்டு வச்சா உருளக் கூடாது. ஆனா மழை பேஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி தேங்கக் கூடாது. தேங்குச்சு, அத்தனையும் பேத்துட்டு மறுபடி போட வைப்பேன்!"

மட்டமான தளத்தில் தண்ணீர் எப்படி ஓடும் என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். சித்தாள் இருளாயி மட்டும், "ஆகட்டுங்கய்யா, முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

வேலை தொடங்கும் நாள் என்பதால் மாடியிலேயே எல்லோருக்கும் பந்தி. மட்டம் பார்த்து வைத்த பலகைமேல் முதலாளிக்கு இலை போட்டு, சோற்றில் நாலு கரண்டி ரசத்தை ஊற்றினாள் இருளாயி. ரசம் நாலாபக்கமும் பரவி, அவருடைய பட்டுவேட்டியை நோக்கி வந்தது. முதலாளி பதறிப்போய் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"மட்டமாத்தானேய்யா போட்டிருக்கேன், எதுக்குத் தூக்குறீங்க?"

"தூக்கினாத்தானே ரசம் அந்தப் பக்கம் ஓடும்!"

இருளாயி திரும்பினாள். "மேஸ்திரி, கேட்டீங்களா? ஐயா உத்தரவு. இந்தப் பக்கம் தூக்கி, மழைத்தண்ணி போற குழாய்ப் பக்கம் தாழ்த்திப் போடுங்க."

பந்தியே சிரித்தது. "அப்ப கோலிக்குண்டு?" என்று மேஸ்திரி மெல்ல இழுத்தார்.

இலையை விடாமல் முதலாளி கத்தினார்: "அது உருண்டா உருளட்டும்யா! யாராவது ஒரு துண்டு கொண்டாங்க!"