லைன் தன் நூலை இழந்தது

அந்தக் காலத்தில் செடி பேசும், பறவை பேசும், சொல்லும் பேசும். சொற்கள் மனிதர் வாயில் குடியிருக்கவில்லை. அவற்றுக்குத் தனி வீடு, தனி அடுப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். அதற்கு மேல் எதுவும் ஆசைப்பட்டதில்லை.

கடலுக்கு அப்பால், குளிர் விடாத ஒரு நாட்டில், ஆளிச்செடி ஒருத்தி இருந்தாள். நீலமாய்ப் பூப்பாள். தண்டு முழுக்க நார். அவளுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் சொற்கள். மூத்தவள் லினன். நாரில் நெய்த துணி அவளுடையது. இளையவள் லைன். நாரில் திரித்த நூல் அவளுடையது.

மனிதர்கள் சொற்களை இரவல் கேட்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. போகிற சொல் தன் பொருளைத் தாயிடம் வைத்துவிட்டுப் போகும். திரும்பி வந்து, தான் யாரென்று சொல்லி வாங்கிக்கொள்ளும். சொல்லத் தெரியாவிட்டால் பொருள் வேறு ஆளுக்கு. தாய் உயிரோடு இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு.

ஒருநாள் தச்சன் வந்தான். நூலில் கரி பூசிப் பலகைமேல் இழுத்துப் பிடித்துத் தெறித்தான். கறுப்பாய், நேராய் ஒரு தடம் விழுந்தது.

"இதுக்குப் பேர் இல்லை ஆத்தா. உன் சின்னப் பொண்ணைக் கொஞ்சம் அனுப்பு."

"போயிட்டு உடனே வந்துடணும்" என்றாள் ஆளி.

"வந்துடறேம்மா."

லினன் சிரித்தாள். "இவளா? நல்லதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அங்கேயே பாயை விரிச்சுடுவா."

அப்படித்தான் ஆயிற்று. கோட்டுக்குப் பெயராய் இருந்தவளைப் படைத்தலைவன் ஒருவன் பார்த்தான். தரையில் கோடு கிழித்துச் சிப்பாய்களை அதன்மேல் நிறுத்தினான். மழை வந்து கோடு அழிந்தது. சிப்பாய்கள் நின்றார்கள்.

"கோடு போனா என்ன? இவனுங்க நிக்கிறதுக்கு நீயே பேரா இரு" என்றான். இருந்தாள்.

சிப்பாய்களோடு கப்பலேறினாள். நம் பக்கத்து மலைக்கு வந்தாள். அங்கே தேயிலைத் தோட்டம். கூலி ஆட்களை அடைக்க வரிசையாய் அறைகள் கட்டி, ஒரே கூரை போட்டிருந்தார்கள். ஆள் பிடித்து வந்த கங்காணி மாயாண்டி வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இதை வீடுன்னு சொல்ல எனக்கே கூசுது. நீ இருந்துக்க தாயி."

அதற்கும் இருந்தாள்.

அப்போது ஆலா என்ற கடற்பறவை வந்து கூரைமேல் உட்கார்ந்தது.

"உங்கம்மாவுக்குப் பூ உதிர்ந்தாச்சு. தண்டு மஞ்சளாயிட்டுது. ஆளியை அறுக்க மாட்டாங்க, வேரோட பிடுங்குவாங்க. தெரியுமில்ல? கெளம்பு."

லைன் பதறிக் கிளம்பினாள். தோட்டத்து வாசலில் கம்பம் நடுகிறவன் மறித்தான்.

"கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்துட்டேன் தங்கச்சி. இதுக்கு மட்டும் பேரா இருந்துட்டுப் போயேன்."

லைன் பறவையைப் பார்த்தாள். "நீ முன்னால போ. வந்துட்டே இருக்கேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

"முடியாதுன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"பாவம், கேக்கிறாரே."

ஆலா பறந்துவிட்டது. லைன் நின்றாள். அங்கேதான் கெட்டது.

ஒரு கம்பியோடு முடியவில்லை. கம்பி ஊர் ஊராய்ப் போனது. அதில் மின்சாரம் போனது, பேச்சு போனது. ஒவ்வொன்றுக்கும் ஒருவன் வந்து கெஞ்சினான்.

அவள் ஊர்போய்ச் சேர்ந்தபோது வயல் காலி. பிடுங்கிய செடிகள் தரையில் கிடந்தன. ஆளியின் வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது. நாரெடுக்கக் குளத்தில் ஊறப்போட வண்டி வந்து நின்றது. அடுத்த வீட்டுச் சொல், த்ரெட், ஆளிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள் ஆளி. கண் தெரியவில்லை.

"நான்தாம்மா."

"நான்னா?"

லைன் வாயைத் திறந்தாள். கோடு என்றாள். இல்லை, வரிசை என்றாள். கூலிக்காரர் குடியிருப்பு என்றாள். கம்பி என்றாள். எல்லாம் வந்தது. நூல் வரவில்லை.

"இத்தனை பேரை நான் பெறலையே" என்றாள் ஆளி. தடவிப் பார்த்து, பக்கத்தில் இருந்த கையில் நூலை வைத்தாள். அது த்ரெட்டின் கை.

ஆளியை ஏற்றிக்கொண்டு வண்டி போனபிறகுதான், அங்கேயே நின்றிருந்த லினன் வாயைத் திறந்தாள். "நூலுடி. நூலுன்னு சொல்லியிருக்கலாமே."



அன்று முதல்தான் லினன் துணிக்கடையில் தன் பொருளோடு ஒரே இடத்தில் இருக்க, லைன் மட்டும் ரேஷன் கடை முன்னால், மின்கம்பத்தின்மேல், கிடைக்காத போனில் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் நிற்கிறாள். இது என் வேலை இல்லை என்று திரும்பிப்போக அவளுக்கு வீடு இல்லை.