ஒற்றைத் தும்மலும் இருபத்தேழு நட்சத்திரமும்

இந்தக் கதையில் ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது. எது என்று எனக்கே மறந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் நம்பிவிடுவது நல்லது.

தூறல்பாடி என்று ஒரு ராஜ்யம். வருஷத்தில் பத்து மாதம் மழை. மீதி இரண்டு மாதம் மழை வரும்போல இருக்கும். தெருவில் மீன்கள் வந்துபோகும். தெரிந்த மீன்கள் என்று யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் துவைத்த துணி காயாது. ராஜா கார்மேகபூபதியே ஈர வேட்டியோடுதான் சிம்மாசனத்தில் உட்காருவார். உட்கார்ந்ததும் தும்முவார். அதில்தான் வினை. ஒரு காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அபசகுனம், இரட்டைத் தும்மல் விழுந்தால் சுபம். நம் வீட்டுச் சாஸ்திரம்தான். அந்த அரண்மனையில் அது சட்டம். ராஜாவுக்கோ ஒன்றுக்கு மேல் வராது. ஆணையைப் படிக்க ஆரம்பித்தால் ஒரு தும்மல், ஆணை ரத்து. ஆற்றுக்குப் பாலம் இல்லை. சேனாதிபதிக்குக் கல்யாண விடுப்புகூடக் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அமைச்சர் ஏகாம்பரத் தளவாய் இதற்கு ஒரு யந்திரம் செய்தார். வீட்டளவு இரும்புப் பீப்பாய். அடியில் உலை. சுற்றுவதற்கு ஒரு யானை. ஒரு வேட்டி காய ஒரு வண்டி விறகு. காய்ந்த பிறகும் யானைக்கு எடுத்துச் சொல்லி நிறுத்த நேரம் ஆகும். அதுவரை விறகு எரிந்துகொண்டே இருக்கும். ராஜா அந்த வேட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு, சூடான இட்லிமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். தும்மல் நின்றது.

அந்தச் சமயத்தில் உதுமான் மரைக்காயர் என்ற கப்பல் வியாபாரி ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அதுவும் துணி உலர்த்துவதுதான். மேலே ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தது. நட்சத்திரம் கூடக் கூட விறகுச் செலவு குறைவு என்று அடையாளமாம்.

“ஐந்துதானா?” என்றார் தளவாய். அன்றே தன் பீப்பாயில் அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழையும் எழுதவைத்தார். ஆஸ்தான ஜோசியர் வந்து எண்ணிப் பார்த்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று சான்று கொடுத்தார். மரைக்காயரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு இடம் கொடுத்தவன் அரண்மனை விகடகவி மாசிலாமணி. இடம்தான் கொடுக்க முடிந்தது, சோறு கொடுக்க முடியவில்லை. ஊர் விறகெல்லாம் பீப்பாய்க்குப் போனதால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவன் மனைவி செங்கமலம் விருந்தாளிக்கும் ஊறவைத்த அவல்தான் வைத்தாள். மழைக்காலம் முழுவதும் விறகு அரண்மனைக்கே என்று மறுநாள் ஆணை வரப்போவது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

“ஆணை வந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்,” என்றாள். “சபையைச் சிரிக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு வராதே. சாதம் வடிக்க விறகோடு வா.”

மறுநாள் தளவாய் ஓலையை விரித்து வாயைத் திறந்தார். மாசிலாமணி தும்மினான். ஒன்றே ஒன்று. ஆணை ரத்து. மறுபடி விரித்தார். மறுபடி ஒன்று.

வேண்டுமென்றே செய்கிறான் என்றார் தளவாய். ஈர வேட்டி, அடுப்பில்லாத வீடு, நான் என்ன செய்ய என்றான் இவன். அவன் வேட்டியையும் பீப்பாயில் போடச் சொன்னார் ராஜா. ஒரு வண்டி விறகு போயிற்று. வேட்டி காய்ந்து வந்தது, ஓலையை விரித்தார்கள், வாயில்காப்போன் தும்மினான். அவன் வேட்டிக்கு ஒரு வண்டி. பிறகு ஜோசியர் தும்மினார்.

“மகாராஜா, இந்த யந்திரம் ஒருவரைக் காயவைத்து ஊரையே தும்மவைக்கிறது,” என்றான் மாசிலாமணி. “மரைக்காயர் பெட்டியைப் பாருங்கள்.”

ராஜாவுக்கு எரிச்சல். ஒரு கட்டு விறகில் சபையில் எல்லார் வேட்டியும் காய வேண்டும், இல்லாவிட்டால் யானைக்குப் பதில் நீ பீப்பாயைச் சுற்ற வேண்டும் என்றார்.

மரைக்காயர் பெட்டியோடு வந்து சேர்ந்தார். மாசிலாமணி உடனே அதைத் தொடவில்லை. முதலில் பிழிய வேண்டும் என்றான். சபையின் வேட்டிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு முனையை யானையிடம் கொடுத்தான். மறுமுனையை, யந்திரம் அறிந்தவர் என்பதால், தளவாயிடம் கொடுத்தான். யானை முறுக்கியது. வடிந்த தண்ணீரில் அகழி ஒரு முழம் ஏறியது. தளவாய் தலைமுதல் கால்வரை நனைந்தார். சபை மொத்தமும் ஜமக்காளம் போர்த்திக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாதி விறகை யானை மிச்சம் பிடித்துவிட்டது,” என்றான் மாசிலாமணி.

பிறகுதான் பெட்டி. அதில் புகைபோக்கி இல்லை. சூடு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. இட்லிச் சட்டி மூடியில் நீர் கோப்பதுபோல ஈரம் கோத்து, அடியிலிருந்த செம்பில் சொட்டியது. சொட்டு நின்றதும் உலையின் வாய் தானாக மூடிக்கொண்டது. சபை உலர்ந்த வேட்டி கட்டியது. அந்த விறகுக்கட்டில் இன்னும் இரண்டு மீதம்.

ராஜா புது ஆணை எழுதவைத்தார்: அரண்மனைக்கு மரைக்காயர் பெட்டி, பீப்பாயை உடைப்பது, விறகு அவரவர் அடுப்புக்கு. ஜோசியர் படித்தார். சபையில் யாரும் தும்மவில்லை.

கடைசியில் தளவாய் தும்மினார். ஒன்றே ஒன்று.

ஜோசியர் படிப்பதை நிறுத்தி ஓலையைச் சுருட்டப் போனார். தளவாய் சொட்டச் சொட்ட நின்று புன்னகை செய்தார். சட்டம் சட்டம்தானே என்றார்.

மாசிலாமணி தன் வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவினான். மூக்கில் விட்டுக்கொண்டான். தும்மினான்.

“இரண்டு ஆயிற்று மகாராஜா. சுபம்.”

“அது வேறு மூக்கு!” என்றார் தளவாய்.

“இரட்டைத் தும்மல் என்றுதான் சாஸ்திரம் சொல்கிறது. ஒற்றை மூக்கு என்று சொல்லவில்லை.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. என்ன வேண்டும், கேள் என்றார். மாசிலாமணி அந்த மீதி இரண்டு விறகையும் கேட்டு வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாதம் வடிக்கும் நேரமாகிவிட்டது என்று மழையில் இறங்கி நடந்தான்.