பூனை தலைகுனிந்த செடி

அந்தக் காலத்தில் பூனையும் பேசும், செடியும் பேசும். யார் பேச்சை யார் மதிப்பது என்பதில்தான் சிக்கல். ஆவாரங்குளம் என்ற ஊரில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. அது யாருக்கும் தலைவணங்காது. ஊரே விழுந்து கும்பிடும் சாமி ஊர்வலம் வந்தால்கூட நிமிர்ந்து உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும்.

அத்தனை திமிருக்கும் காரணம் இருந்தது. ஊருக்குப் பொதுவான விதைநெல், சடைச்சி என்ற பெண்ணின் வீட்டுக் குதிரில் இருந்தது. ஆளுயர மண்குதிர் அது, உள்ளே கும்மிருட்டு. விதைப்பு நாளன்று முதலில் பூனையைத்தான் அதற்குள் இறக்குவார்கள். நெல்லின் மேல் நிதானமாகப் படுத்தால் நல்ல விதை. மிரண்டு வெளியே குதித்தால் கெட்ட விதை; அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட வேண்டும். அப்புறம் அந்த வருஷம் ஊருக்குச் சோறு கிடையாது. எந்தப் புண்ணியவான் இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தானோ, யாரும் அதை மீறியதில்லை.

விதைப்புக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு மத்தியானம் பூனை குதிருக்குள் இறங்கி எலி தேடிக்கொண்டிருந்தது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு தொண்டையிலேயே நின்றது. கால்கள் சில்லிட்டன. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் நாய் இல்லை, பாம்பு இல்லை, எலிகூட இல்லை. வெளியே தாவி விழுந்து கொஞ்ச நேரம் கிடந்ததும் தானாகவே அடங்கியது. பூனை திகைத்துப்போனது. எதிரி இருந்தால் கடிக்கலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைக் கடிப்பது?

மறுநாளும் அந்தப் படபடப்பு வந்தது. பூனை கொல்லைப்பக்கம் ஓடிக் குப்பைமேட்டோரம் சுருண்டது.

"நெஞ்சு அடைக்குதுங்களா பூனையாரே?" என்று ஒரு குரல் கேட்டது. குப்பையில் முளைத்திருந்த குப்பைமேனிச் செடிதான் கேட்டது. போகிற வருகிற ஆடெல்லாம் மிதிக்கும் செடி.

"எனக்கா? ஓடி வந்த களைப்பு."

"களைப்புக்கு உடம்பு இப்படி நடுங்காதுங்க. என் வேர்ல மருந்து இருக்கு. மண்ணைப் பறிச்சு, தலையைத் தாழ்த்தி மோந்து பாருங்க. சரியாயிரும்."

"குப்பையில மொளச்ச உனக்கு நான் தலை குனியணுமா?"

"வேர் மண்ணுக்குள்ளதானே இருக்கு. அதை மேல தூக்கிட்டு வர எனக்குத் தெரியலையே," என்றது செடி. பூனை வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பூனை சரியாகச் சாப்பிடாததைச் சடைச்சி கவனித்தாள். வயிற்றில் முடி சிக்கியிருக்கிறது என்று விளக்கெண்ணெய் புகட்டினாள். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வேப்பிலைக் கொத்தால் முகத்தில் நாலு அடி அடித்தாள். பாவம், அவளுக்குப் பூனை மேல் உண்மையிலேயே பிரியம். பூனைக்கு வயிற்றுப்போக்கும் தும்மலும்தான் மிச்சம், படபடப்பு போகவில்லை.

விதைப்பு நாள் வந்தது. ஊர் முழுக்கச் சடைச்சி வீட்டில் கூடியது. முன்வரிசையில் ஊர்க்காவல் வீரணன் கம்போடு நின்றார். ஒற்றை ஆளாகச் சிறுத்தையை விரட்டியவர்; அவர் மீசையைப் பார்த்தாலே பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். சடைச்சி பூனையைத் தூக்கிக் குதிருக்குள் இறக்கினாள். இருட்டு மூடியதுதான் தாமதம், நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பூனை பல்லைக் கடித்துப் பார்த்தது. முடியவில்லை. வெளியே பாய்ந்து விழுந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

"வெதை கெட்டுப்போச்சு. கொட்டுங்கப்பா," என்றார் வீரணன். இரண்டு பேர் குதிரின் அடிவாயைத் திறந்தார்கள். ஒரு குறையும் இல்லாத மஞ்சள் நெல் கூடையில் சரிந்து விழுந்தது.

தான் பயந்ததற்கு ஊர் பட்டினி கிடக்கப்போகிறது என்று பூனைக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிறுத்துங்க. வெதை நல்ல வெதைதான். கோளாறு எனக்கு. எனக்குப் பயம் வருது," என்றது.

"ஒனக்கா?" சடைச்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "எதைப் பாத்து?"

"எதையும் பாத்து இல்ல. சும்மாவே வருது. அதான் சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கால்கள் பின்னப் பின்னக் கொல்லைக்கு நடந்தது. ஊரும் பின்னாலேயே போனது. பூனை குப்பைமேட்டில் மண்ணைப் பறித்தது. வேர் தெரிந்ததும், அத்தனை பேர் பார்த்திருக்க, நெற்றி மண்ணில் படும்படி குப்பைமேனியின் முன் குனிந்தது.

எல்லாரையும்விட அதிர்ந்தது அந்தச் செடிதான். பிறந்ததிலிருந்து மிதி வாங்கித்தான் அதற்குப் பழக்கம்.

"ஐயோ, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றது.

"பாக்கட்டும்," என்று பூனை வேரை முகர்ந்தது. முகர முகர மூச்சு சீரானது. கால்களில் சூடு வந்தது. நிம்மதி தாங்காமல் மண்ணில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. பிறகு யாரும் தூக்காமல் தானே போய்க் குதிருக்குள் குதித்தது. எட்டிப் பார்த்தார்கள். நெல்லின் மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

கொட்டிய நெல்லை அள்ளிக்கொண்டு எல்லாரும் வயலுக்குப் புறப்பட்டபோது வீரணனைக் காணவில்லை. சடைச்சி தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கம்பு ஒரு பக்கம் கிடந்தது. அந்தப் பெரிய மனிதர் மண்டியிட்டு, மீசையெல்லாம் மண்ணாக, அதே வேரின் மேல் முகம் கவிழ்ந்திருந்தார். சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு?"

"சிறுத்தை போன நாள்லேருந்து இருக்கு தாயி," என்றார் வீரணன் நிமிராமலே. "ஏழு வருஷமாச்சு. எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிருந்தேன்."

சடைச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முதல்தான் எப்பேர்ப்பட்ட திமிர்பிடித்த பூனையும் குப்பைமேனி வேரைக் கண்டால் மண்ணில் தலையை வைத்துப் புரள்கிறது. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் வந்தது. பெயர் வைத்தவர்கள் மனிதர்கள் இல்லையா, தாங்களும் வணங்கியதை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.